எட்டுச் சக்கரக் கோலம்

56 ஏ.பி.ஓ.
12-11-1984

அன்புள்ள தமயந்திக்கு,

இசக்கிமுத்து எழுதுவது. இங்கே குளிர் இறங்கிவிட்டது, உடம்புக்கு ஒரு குறையுமில்லை. நீயும் மாமாவும் சுகம்தானே? குழந்தை தனத்துக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்ததா என்று எழுது.

ஒரு சந்தோஷச் செய்தி. புது வண்டி ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் குழுவில் என்னை டிரைவராகப் போட்டிருக்கிறார்கள். இதுவரை நான் ஓட்டியதெல்லாம் வண்டியே இல்லை, தமயந்தி. எட்டுச் சக்கரம். எட்டுக்கும் இன்ஜின் இழுப்பு உண்டு, முன் நான்கும் திரும்பும். மணலில் போகும்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே டயரில் காற்றைக் குறைக்கலாம், கெட்டித் தரை வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு டயரில் குண்டு பாய்ந்தாலும் நிற்காது. உடம்பெல்லாம் இரும்புத் தகடு. மேலே சுழலும் கூண்டு, அதில் நீளக் குழல் வைத்த பீரங்கித் துப்பாக்கி. பின்னால் எட்டுச் சிப்பாய்கள் உட்கார்ந்து வருவார்கள். உள்ளே இருந்தபடியே சுடலாம். பின் கதவுகளைத் திறந்தால் கண்மூடித் திறப்பதற்குள் எட்டுப் பேரும் தரையில் நிற்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இது தண்ணீரில் நீந்தும்! பெயரை மட்டும் எழுதக் கூடாது.

வரும் ஆடியோடு எனக்குப் பதினைந்து வருஷம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் ஹவில்தார் ஆகலாம் என்கிறார் மேஜர். யோசிக்கிறேன்.

பார்சலில் அதிரசம் வைக்காதே. எடை கூடக் கூடாதென்று உத்தரவு.

அன்புடன்,
இசக்கிமுத்து


நெய்வேலி
26-11-1984

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் தமயந்தி எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். தனத்துக்கு முன்பல் இரண்டும் போயாயிற்று. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். உங்கள் உடம்பைக் குளிரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

யோசிக்கிறேன் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் வைத்தது தீய்கிறது, குழாயைத் திறந்தால் மூட மறக்கிறேன். மைன்ஸுக்குப் பெரிய வண்டி ஓட்ட டிரைவர் எடுக்கப் போகிறார்களாம். பட்டாளத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக இடம் உண்டென்று அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சொன்னார். பெர்மனன்ட் வேலை, நமக்கென்று குவார்ட்டர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து நான் உங்களை லீவில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது, அத்தான்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்ப் பார்க்கிறவர் வேறு என்ன கேட்பார்? "தண்ணில போற வண்டிக்கு உள்ள பம்ப் வச்சிருக்கானாட்டி, கேட்டு எழுது" என்றார்.

என் சந்தேகம் வேறு. எட்டுப் பேரும் பின் கதவால் இறங்குவார்கள் என்று எழுதினீர்கள். டிரைவர் எப்படி இறங்குவார் என்று எழுதவில்லையே?

தங்கள்,
தமயந்தி


56 ஏ.பி.ஓ.
10-12-1984

அன்புள்ள தமயந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நலம். தனத்திடம் பல் முளைத்துவிடும் என்று சொல், வாயைப் பொத்த வேண்டாம்.

மாமாவிடம் சொல், பம்ப் இருக்கிறது. முன்னால் ஒரு பலகை எழும்பி அலையைத் தடுக்கும், பின்னால் இரண்டு விசிறி சுழன்று தள்ளும். எவ்வளவு பெரிது என்று கேட்பாய். உன் ஆறு கஜம் புடவையை விரித்து, அதன் நுனியில் ஒரு தாவணியைப் பாதியாக மடித்துச் சேர்த்தால் நீளம். இரண்டு வேட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் அகலம். இடது முன்மூலையில் நான். என் வலப்பக்கம் இன்ஜின். நடுவில் கூண்டு. அதில் எங்கள் ஹவில்தாரும் பாவாடையும்.

பாவாடை யார் தெரியுமா? குள்ளஞ்சாவடிக்காரன், உங்கள் பக்கத்து ஊர்! துப்பாக்கி அவன் பொறுப்பு. சடுகுடு ஆடி வளர்ந்த உடம்பு. "அண்ணே, எங்க வூட்டுக்கும் உங்க வூட்டுக்கும் ரெண்டு பஸ்ஸு தான்" என்று சொல்லிச் சொல்லியே என் சோற்றிலும் பங்கு கேட்கிறான்.

நீ கேட்ட மற்றதற்கு, என் தலைக்கு மேலே ஒரு மூடி இருக்கிறது.

மைன்ஸ் வேலை நல்லதுதான். பார்ப்போம்.

அன்புடன்,
இசக்கிமுத்து


நெய்வேலி
28-12-1984

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம், நீங்களும் பாவாடையும் சுகமா? மார்கழிப் பனியில் அப்பாவுக்கு லேசான இருமல், வேறொன்றுமில்லை.

இங்கே எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் கோலப் போட்டி. எதிர்வீட்டு மாணிக்கம்மாள் திருவதிகைக்காரி, தினமும் தேர் போட்டு எங்கள் மானத்தை வாங்குகிறாள். எனக்கோ மனசெல்லாம் உங்கள் வண்டி. நேற்று அதையே போட்டுவிட்டேன்.

நீங்கள் எழுதிய அளவுக்குப் புடவையை விரித்துப் புள்ளி வைத்தேன். வாசல் போதாமல் ரோடு வரை போய்விட்டது. பக்கத்துக்கு நான்கு சக்கரம். வெறும் வட்டம் பார்க்க மொட்டையாக இருந்ததால் நடுவில் பூ வைத்தேன். செம்மண் இழுத்து இரும்புத் தகடு. "இன்னாங்க இது, தேரா பஸ்ஸா?" என்று மாணிக்கம்மாள் கேட்டாள். கம்பெனி பஸ் டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, மிதிக்காமல் ஓரமாக ஒதுக்கி ஓட்டிக்கொண்டு போனார். நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, "ஏட்டி, உனக்குக் கிறுக்கா?" என்றவர்தான், பிறகு அவரும் சேர்ந்துகொண்டார்.

பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்தோம், அதுதான் கூண்டு. மேலே உலக்கை, அதுதான் குழல். இன்ஜினுக்கு அரிசி மூட்டை. பின்னால் மாணிக்கம்மாளின் நாத்தனாரும் தெருப் பிள்ளைகளும் எட்டுப் பேராக உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டோம் என்று அடம். உங்கள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். மூடிக்காக மாணிக்கம்மாள் என் தலைக்கு மேல் முறத்தைப் பிடித்தாள். அப்பா உலக்கையைச் சுற்றினார். வலப்பக்கம் போனபோது ஒன்றுமில்லை. இடப்பக்கமாகத் திரும்பியதும் உலக்கை முறத்தின் மேலேயே வந்து நின்றது. முறத்தைத் தூக்கினேன், உலக்கையில் முட்டியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்குள் வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிஜமாகவே குழல் அப்படி நின்றால் உங்கள் மூடி எப்படித் திறக்கும், அத்தான்? உடனே எழுதுங்கள்.

தங்கள்,
தமயந்தி


56 ஏ.பி.ஓ.
8-1-1985

தமயந்திக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமாக இருங்கள். இந்தக் கடிதத்தைக் கீழே வைத்ததும் முதல் வேலையாக வாளியை எடுத்து அந்தக் கோலத்தைக் கழுவு. பூவையும் சேர்த்து. சோதனையில் இருக்கும் வண்டியை அளவு பிசகாமல் தெருவில் போட்டு, பஸ்ஸையும் நிறுத்திக் காட்டியிருக்கிறாயே! யார் காதுக்காவது போனால் என் வேலை போகும், மாமாவையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். அளவு எழுதியது என் புத்தி கெட்டதனம். இனி வண்டியைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டேன்.

உன் கடிதத்தைப் பாவாடைக்குப் படித்துக் காட்டினேன். முறத்தையும் உலக்கையையும் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

நீ கேட்டதற்கு எழுத ஒன்றுமில்லை. பொங்கல் கழிந்து வேறு இடம் போகிறோம், கடிதம் தாமதமாகலாம்.

இசக்கிமுத்து


நெய்வேலி
18-2-1985

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே மூவரும் இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள், அதுதான் இப்போது வேண்டும்.

பொங்கல் முடிந்து ஒன்று எழுதினேன். கோலம் அன்று மதியமே சைக்கிளிலும் புகைபோக்கிச் சாம்பலிலும் அழிந்துவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று அதில் எழுதியிருந்தேன். பதில் இல்லை. சேரவில்லையோ என்று இன்னொன்று போட்டேன். அதற்கும் இல்லை. கோபமென்றால் நாலு வார்த்தை திட்டியாவது எழுதக் கூடாதா? நான் என்ன ஊரைக் காட்டிக்கொடுக்கவா போட்டேன்? நீங்கள் உட்காரும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

தபால்காரர் சைக்கிள் வரும் நேரத்துக்கு என் கால் தானாக வாசலுக்குப் போகிறது. "தபால் இருந்தா நானே கூப்புட மாட்டனாம்மா?" என்று அவர் சலித்துக்கொள்கிறார். ஷிப்ட் சைரன் ஊதினால் எழுந்து நிற்கிறேன், எதற்கென்று தெரியவில்லை. டிரைவர் இன்டர்வியூ வைகாசியில் என்று உறுதியாகிவிட்டது. அப்பா உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்.

ஒரு வரி எழுதுங்கள். இனிமேல் கோலமே போடவில்லை, போதுமா?

தங்கள்,
தமயந்தி


56 ஏ.பி.ஓ.
25-2-1985

மதிப்புக்குரிய அண்ணியாருக்கு,

குள்ளஞ்சாவடி பாவாடை வணக்கத்துடன் எழுதுவது. அண்ணன் உயிரோடு நன்றாக இருக்கிறார். அதை முதலில் இரண்டு தடவை படித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

உங்களிடம் சொல்லக் கூடாதென்று அண்ணன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். உங்கள் கடிதங்கள் அவர் தலையணைக்கடியில் சேர்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பாவம் எனக்கே வரட்டும்.

பொங்கல் கழிந்து வண்டியைக் கால்வாயில் நீந்தவிட்டோம். பின்னால் ஆளில்லை, மணல் மூட்டைதான். பாதி தூரம் வாத்து மாதிரி அழகாகப் போனது. நடுவில் இன்ஜின் நின்றது, கரண்ட் போனது, பம்ப்பும் நின்றது. முன்பக்கம் முங்க ஆரம்பித்தது. என் குழல் அப்போது இடது கரையைப் பார்த்தபடி அண்ணன் மூடிமேல் நின்றுகொண்டிருந்தது. ஹவில்தார் என்னையும் குதிக்கச் சொல்லிவிட்டுக் குதித்தார். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முறையே அதுதான். கூண்டில் இருப்பவர்கள் முதலில் வெளியேற வேண்டும். குழல் மேலே நின்றால் டிரைவர் இன்ஜின் பக்கத்துச் சந்தில் ஊர்ந்து பின் கதவுக்குப் போய்விட வேண்டும். அண்ணன் அதிரசம் தொடாமல் கிடந்தது அந்தச் சந்துக்காகத்தான், அண்ணி.

நானும் ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். அப்போதுதான் உங்க முறம் ஞாபகத்துக்கு வந்துச்சு. அன்னிக்கி அதைக் கேட்டுச் சிரிச்சிகினு கிடந்தேனே, அது அப்படியே கண்ணுல நின்னுச்சு. மறுபடி உள்ளே இறங்கினேன். கரண்ட் இல்லாதபோது கூண்டைத் திருப்பக் கைப்பிடி ஒன்று உண்டு. அதைப் பிடித்துச் சுற்று சுற்றென்று சுற்றினேன். குழல் விலகியதும் அண்ணன் மூடியைத் தலையால் முட்டிக்கொண்டு வெளியே வந்தார். சந்தில் தோள் மாட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார், தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டதாம். தோள் எலும்பு விலகிக் கட்டுப் போட்டிருக்கிறது. வேறு சேதமில்லை.

நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். மாமாவுக்கு என் வணக்கம், குழந்தைக்கு ஆசி.

பாவாடை


56 ஏ.பி.ஓ.
27-2-1985

அன்புள்ள தமயந்திக்கு,

நான் நலம், நீங்கள் அனைவரும் நலமென்று நம்புகிறேன். சளி பிடித்துக்கொண்டது, அதனால்தான் எழுதவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் குளிரில் விரல் விறைத்திருக்கிறது என்று வைத்துக்கொள். கோலத்துக்காகக் கோபமெல்லாம் இல்லை. வண்டி நன்றாக இருக்கிறது. தனத்தைக் கேட்டதாகச் சொல்.

இசக்கிமுத்து


நெய்வேலி
11-3-1985

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சளி எப்படி இருக்கிறது? தோளில் பிடித்த சளிக்குத் தைலம் தேய்த்து வெந்நீர் ஒற்றடம் கொடுப்பது நல்லதென்று அப்பா சொல்கிறார். தைலம் அனுப்பியிருக்கிறேன். யார் சொன்னார்கள் என்று அங்கே யாரையும் மிரட்ட வேண்டாம். எனக்குச் சகுனம் தெரியும்.

விளையாட்டு போதும். உங்களுக்குக் கோபமில்லை என்று எழுதினீர்கள், எனக்கு இருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்து, வண்டி நன்றாக இருக்கிறது என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? நான் இங்கே கோலத்துக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தேனே! படித்த அன்று சுவரில் தலையைச் சாய்த்து அழுதேன். தனம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் வாயைப் பொத்தினாள்.

வைகாசி இன்டர்வியூவுக்கு வந்துவிடுங்கள். கையெழுத்துப் போடாதீர்கள். இனி யோசிக்க ஒன்றும் இல்லை. இந்தப் பார்சலில் உள்ள அதிரசம் உங்களுக்கல்ல, முழுவதும் பாவாடைக்கு.

தங்கள்,
தமயந்தி


56 ஏ.பி.ஓ.
26-3-1985

அன்புள்ள தமயந்திக்கு,

தோள் தேறி வருகிறது. மாமாவுக்கும் உனக்கும் தனத்துக்கும் என் அன்பு. அதிரசத்தை என் கண்முன்னாலேயே வைத்துத் தின்றான், தடியன்.

பொய் எழுதியது தப்புதான். உண்மையை எழுதினால் நீ நடந்தே கிளம்பி வந்துவிடுவாய் என்று பயம்.

நீ சொன்னபடியே ஆகட்டும். கையெழுத்துப் போடவில்லை. வைகாசியில் லீவு போட்டு வந்து இன்டர்வியூவை முடித்துவிடுகிறேன், பிறகு ஆடிவரை நாளைத் தள்ளிவிடலாம்.

வண்டியை வடிவமைத்தவர்கள் வந்து விசாரித்தார்கள். மூடி மேலே தூக்குவதாக இல்லாமல் பக்கவாட்டில் நகர்வதாக இருக்க வேண்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். செய்து பொருத்தச் சில மாதம் பிடிக்கும். அதுவரை பழைய மூடியோடு ஓட்டம் நடக்கும். என் இடத்தில் உட்காரப் போவது பாவாடை. ஓட்ட அவனுக்கும் தெரியும், அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். அந்தச் சந்தில் அவன் தோளில் பாதிகூட நுழையாது. நான் இருந்தால், மூடி மாறாமல் தண்ணீரில் இறக்க மாட்டேன் என்று நின்றுவிடுவேன். என் தோளைப் பார்த்த பிறகு மேஜரும் என் பேச்சைத் தட்டுவதில்லை. அவன் அந்த இடத்துக்குப் புதுசு, சொன்னதைச் செய்வான்.

சரி, அது அவர்கள் பாடு. நான் வருகிறேன்.

அன்புடன்,
இசக்கிமுத்து


நெய்வேலி
21-4-1985

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம், உங்கள் தோள் முழுக்கத் தேற வேண்டும்.

நீங்கள் வரும் செய்தி கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில், உங்களைக் காப்பாற்றிய பிள்ளையின் அம்மாவை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று தனத்தைக் கூட்டிக்கொண்டு குள்ளஞ்சாவடிக்குப் போனேன். வடலூரில் பஸ் மாறினால் பக்கம்தான். விசாரித்துப் போனபோது, "அந்தத் தெருவுக்கா போறீங்க?" என்று கடைக்காரர் ஒருவர் கேட்டார். ஆமாம், அந்தத் தெருவுக்குத்தான் என்றேன்.

அவர் பெயர் சின்னம்மாள். மோர் கொடுத்தார், குடித்தோம். கால்வாய் விஷயம் அவருக்குத் தெரியாது. பாவாடை எழுதவே இல்லை போலிருக்கிறது. நானும் வாயைத் திறக்கவில்லை. "நீ தான் வண்டிய கோலம் போட்ட பொண்ணாம்மே! எம்புள்ள எழுதனான். எனக்கும் போட்டுக் காட்டேன், அவன் எங்க குந்திகினு இருக்கான்னு பாக்கறேன்" என்றார். போட மாட்டேன் என்று உங்களுக்கு எழுதியதை மீறிவிட்டேன். சாம்பலை எடுத்து வாசலில் சின்னதாக இழுத்தேன். கூண்டைக் காட்டினேன். அப்புறம், இனி டிரைவர் இடத்துக்கு வருகிறார் என்று இடது மூலையைக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "எறங்குற வழி எதும்மா?" என்று கேட்டார்.

தலைக்கு மேலே ஒரு மூடி இருக்கிறது என்றேன்.

நீங்கள் எனக்கு எழுதிய அதே வார்த்தை, அத்தான். அவர் என் முகத்தையே பார்த்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனம் ஏதோ கேட்டுக்கொண்டே வந்தாள், ஒன்றும் காதில் விழவில்லை.

வைகாசிக்கு வராதீர்கள். இதை எழுத எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட வேண்டாம். மூடி மாறும்வரை இருக்க அனுமதி கேளுங்கள். அது மாறாமல் அந்தப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்க விடாதீர்கள். இன்டர்வியூ போனால் போகட்டும். அப்பாவிடம் சொன்னேன். கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "புது மூடிக்கு நல்ல கீல் போடச் சொல்லி எழுது" என்றார்.

தங்கள்,
தமயந்தி


56 ஏ.பி.ஓ.
24-10-1985

அன்புள்ள தமயந்திக்கு,

நானும் பாவாடையும் நலம். நீ, மாமா, தனம் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள்.

மைன்ஸ் வேலையில் வேறு ஆள் சேர்ந்துவிட்டதாக மாமா எழுதியிருந்தார். வருத்தமில்லை என்று சொன்னால் இன்னொரு பொய்யாகிவிடும். வடலூரிலோ கடலூரிலோ ஒரு லாரியாவது கிடைக்காமலா போகும்?

புது மூடி வந்து பொருத்தியாயிற்று. கீல் இல்லை, தண்டவாளம் போல ஒன்றில் பக்கவாட்டில் நகர்கிறது, மாமாவிடம் சொல். நேற்று பாவாடையை உள்ளே உட்கார வைத்து, குழலை அவன் தலைமேல் நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டு நான் கரையில் நின்றேன். உள்ளே இருப்பதைவிட வெளியே நிற்பதுதான் கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூடி நகர்ந்தது. குழலுக்கு அடியிலிருந்து அந்த அகலத் தோள் முழுசாக வெளியே வந்தது. "அண்ணே, முறம் தொறந்துகிச்சு!" என்று கத்தினான். மேஜருக்கு ஒன்றும் புரியவில்லை.

நீ மறுபடி குள்ளஞ்சாவடிக்குப் போ. அந்த அம்மாளுக்கு வாசலில் போட்டுக் காட்டு. இறங்கும் வழியையும் காட்டு.

மூடிக்காகக் கேட்டு வாங்கிய நாட்களும் முடிந்து எனக்கு விடுதலை உத்தரவு வந்துவிட்டது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் விருத்தாசலத்தில் இறங்குவேன். ஸ்டேஷனுக்குத் தனத்தையும் கூட்டி வா.

அதிரசம் நிறையச் சுட்டு வை. இனி எடை கூடலாம்.

அன்புடன்,
இசக்கிமுத்து